கோலி (கோல்கீப்பர்) கோச் ஆகலாமா? டினோ சோஃபை வைத்து ஒரு சண்டை

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
ஒரு விஷயம் கேட்கணுங்க. எங்கள் ஊர் டீமுக்குப் புதுக் கோச் போட வேண்டும். பழையவர் வேலை கிடைத்து துபாய் போய்விட்டார். கமிட்டியில் பாதிப் பேர், எங்களுக்கு இருபது வருசம் கோல் நின்ற அண்ணனையே போட்டுவிடலாம் என்கிறார்கள். தங்கமான மனுசன், அதை மறுக்கவில்லை. ஆனால் கோலிக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? பந்து வந்தால் பிடிப்பார், வராவிட்டால் போஸ்ட்டில் சாய்ந்து நிற்பார். பிராக்டிஸ் ஆரம்பித்ததுமே கீப்பர்களைத் தனியாக ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் பாஸிங், பிரெஸ்ஸிங் என்று நாக்குத் தள்ளும் நேரமெல்லாம் அவர் அங்கே மண்ணில் புரண்டுகொண்டிருப்பார். பாடம் நடந்தபோது வகுப்பிலேயே இல்லாதவர் வாத்தியாரா? பெரிய கோச்சுகளான கார்டியோலா, ஆன்சலோட்டி எல்லாம் மிட்ஃபீல்டு ஆட்கள். கோலியில் ஒருத்தர் பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

பவானி ஆத்தங்கரை:
டினோ சோஃப். இத்தாலிக் கோலி.

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
கோலியாக அவர் சாமி. அதில் பேச்சே இல்லை. கோச்சாக என்ன கிழித்தார்?

பவானி ஆத்தங்கரை:
கேட்டுவிட்டீர்கள், இனி நிறுத்த மாட்டேன். 14 வயதில் உயரம் பத்தாது என்று இத்தாலியின் பெரிய கிளப்புகளான இன்டரும் யுவென்டஸும் அவரைத் திருப்பி அனுப்பின. பாட்டி தினம் எட்டு முட்டை கொடுத்து வளர்த்ததாகக் கதை சொல்வார்கள். (நாமக்கல்காரர்கள் இதைக் கட்டவுட் வைத்துக் கொண்டாடலாம்.) அப்புறம் உதினேசே, மான்டோவா, நாப்போலி என்று சுற்றி 1972-இல் அதே யுவென்டசுக்கு வந்து சேர்ந்தார். 11 சீசன், 6 லீக் பட்டம். 1978 உலகக் கோப்பையில் தூரத்திலிருந்து அடித்த பந்துகளை விட்டபோது கண் போச்சு, கிழவனாகிவிட்டார் என்றார்கள். நாலு வருசம் கழித்து 40 வயதில், கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார்.

இப்போது உங்கள் கேள்வி. ஆட்டம் முடித்ததும் நேராகப் பெரிய நாற்காலியில் போய் உட்காரவில்லை. முதலில் யுவென்டசில் கீப்பர் கோச், அப்புறம் இத்தாலி ஒலிம்பிக் அணி, 1988-இல்தான் யுவென்டஸ் தலைமைக் கோச். நட்சத்திர ஆட்டக்காரர் பிளாட்டினி போன பிறகு வெளுத்துப்போன டீம் அது. அதை வைத்து 1990-இல் ஒரே சீசனில் இரண்டு கோப்பை. ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையில் பியோரென்டினாவை வென்றார். இத்தாலியக் கோப்பை ஃபைனலில் தோற்றது யார் தெரியுமா? சாக்கி கோச்சாக இருந்த மிலான். ஐரோப்பாவே நடுங்கிய டீம். அப்படியும் கிளப் அவரை அனுப்பிவிட்டு, அழகாக ஆடவைப்பார் என்று மைஃப்ரெடி என்ற கோச்சைக் கூட்டிவந்தது. அடுத்த சீசன் ஏழாவது இடம், ஐரோப்பியப் போட்டிக்கே தகுதி இல்லை.

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
சரி, சோஃப் இத்தாலிக்குக் கோச்சாக இருந்து பிரான்சிடம் தோற்ற யூரோ 2000 ஃபைனலை மட்டும் ஏன் அண்ணா தாண்டிப் போகிறீர்கள்? 1-0 முன்னிலை, கடைசி நிமிடம். அங்கேதான் கோலி புத்தி தெரிகிறது. பின்னால் போய்ப் பின்னால் போய் தன் பெட்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது.

பவானி ஆத்தங்கரை:
அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தீர்களா, இல்லை முடிவு மட்டும் தெரியுமா? 0-0 இருக்கும்போதே டெல் பியரோவை உள்ளே விட்டார். கொஞ்ச நேரத்தில் டெல்வெக்கியோ கோல் போட்டார். அதற்கப்புறம் டெல் பியரோவுக்கு இரண்டு தெளிவான வாய்ப்பு, இரண்டும் போச்சு. அதில் ஒன்று விழுந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை. முன்னால் ஆள் விட்டதும் அவர்தான், தவறவிட்டது பார்வர்டுதான். உங்கள் ஒன்பதாம் நம்பர் ஜாதி!

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
ஹா ஹா. இருந்தாலும் 90-க்கு மேல் நாலாவது நிமிடத்தில் வில்டோர் போட்ட கோல்? பிரான்ஸ் கோலி பார்த்தெஸ் நீளமாக உதைத்த பந்து, டிரெசகே தலையால் தட்டிவிட்டது, கன்னவாரோவைத் தாண்டி விழுந்தது. அதைத் தடுக்க முடியாதா? எக்ஸ்ட்ரா டைமில் 103-ஆவது நிமிடம் டிரெசகேவின் கோல்டன் கோல் (எக்ஸ்ட்ரா டைமில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்), கதை முடிந்தது. ஜிதானுக்கு ஆள் போடவில்லை என்று பெர்லுஸ்கோனியே திட்டினாரே.

பவானி ஆத்தங்கரை:
பெர்லுஸ்கோனி அப்போது இத்தாலியின் எதிர்க்கட்சித் தலைவர், மிலான் முதலாளி. கோச் இல்லை. சோஃப் பதிலுக்குக் கத்தவில்லை, ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அப்புறம் அந்த அரை இறுதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில், நெதர்லாந்துக்கு எதிராக அதன் மண்ணிலேயே, 34-ஆவது நிமிடத்திலிருந்து பத்தே பேர். ஆட்ட நேரத்தில் எதிராளிக்கு இரண்டு பெனால்ட்டி, இரண்டும் கோல் ஆகவில்லை. கடைசியில் பெனால்ட்டி ஷூட்அவுட்டில் ஜெயித்தது. கோலில் நின்ற டோல்டோ மாற்று கீப்பர். முதல் கீப்பர் பஃபோனுக்குப் போட்டிக்கு முன்னால் கை உடைந்திருந்தது. மாற்று ஆளை அந்த நிலைக்குக் கொண்டுவரத் தெரிந்ததே, அது கோச் வேலை இல்லையா?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
நம்ம பக்கத்து ஆளை யாரும் சொல்லவில்லையே. மலை ஏறினால் வெலிங்டன். அங்கே மதராஸ் ரெஜிமென்டில் ஆடி வளர்ந்தவர்தான் பீட்டர் தங்கராஜ். முதலில் பார்வர்டாக ஆடி, பிறகு கோலியானவர். 1956, 1960 ஒலிம்பிக், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், 1967-இல் அர்ஜுனா விருது. கடைசியில் கோச்சிங்கும் பண்ணினார்.

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
அண்ணா, நீங்கள் என் கட்சிக்கே பாயிண்ட் கொடுக்கிறீர்கள். கோலியாக அவரை உலகமே பேசும். கோச்சாக எத்தனை பேருக்குத் தெரியும்?

மேட்டுப்பாளையம் பாசஞ்சர்:
அந்தக் காலத்துக் கோச் யாரை நமக்குத் தெரியும், இந்திய அணியின் ரஹீம் சாகிப்பைத் தவிர? அது நம் மறதி, அவர் குறை இல்லை.

பீளமேடு கேலரி:
2019 மார்ச் 9 நேரு ஸ்டேடியத்தில் இருந்தேன். சென்னை சிட்டி 3-1 ஜெயித்து ஐ-லீக் தூக்கிய நாள். இரண்டு கோல் போட்டது கௌரவ் போரா என்ற டிஃபெண்டர். எந்த இடத்து ஆள் எதைச் செய்வான் என்று யார் கண்டது?

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
இதெல்லாம் ஒரு வாதமா அண்ணா 😀

திருப்பூர் ரெண்டாவது கோலி:
நான் வருசக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்த ரெண்டாவது கோலி. அதனால் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

தனி மூலை என்ற பாயிண்ட் பாதிதான் சரி. 1992-இல் சொந்த ஆள் காலால் தட்டித் தரும் பந்தை (பேக் பாஸ்) கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று விதி வந்தது. அதிலிருந்து கீப்பருக்கும் கால் வேலை வேண்டும், பாஸிங் பயிற்சியில் அவனும் நிற்க வேண்டும். ஆட்டத்திலும் 21 பேரையும் முன்னால் வைத்துப் பார்க்கிறவன் அவன்தான். கார்னருக்கு யார் முதல் போஸ்ட், யார் எந்த ஆள் என்று கத்திக் கத்தியே தொண்டை போகும். நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ 2004-இல் போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக் வாங்கியபோது பெஞ்ச் கோலி. எங்கள் இனம்! பிறகு கோச்சாக வுல்வ்ஸ் என்ற இங்கிலாந்து கிளப்பை பிரீமியர் லீக்குக்கு ஏற்றி, இரண்டு முறை ஏழாவது இடம். 1993-இல் பிரான்சின் மார்சே கிளப்பை ஐரோப்பிய சாம்பியனாக்கிய கோதால்ஸும் பழைய கோலிதான்.

எனக்குக் கற்றுத்தந்தவரும் கோலிதான். வலது கை சுண்டுவிரல் நிமிராது, அந்த விரலாலேயே இடம் காட்டுவார். ஒருநாள் கோல் விழாத கடுப்பில் இருந்த எங்கள் பார்வர்டுகள் மூன்று பேரையும் வரிசையாகக் கோலுக்குள் நிற்கவைத்தார். பத்து நிமிடம் கோலிகளான எங்களைப் பந்து அடிக்கச் சொன்னார். மேலே வந்ததையெல்லாம் எப்படியோ தட்டிவிட்டார்கள். தரையோடு, காலுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி வந்த பந்துக்கு மட்டும் மூன்று பேரும் மரம் மாதிரி நின்றார்கள். "பார்த்தியா கண்ணு, அங்கதான் எனக்கும் கஷ்டம்" என்றார். அவ்வளவுதான் பாடம். அடுத்த மேட்ச்சில் மேலே தூக்கி அடித்தவன் யாரும் இல்லை.

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
இது நல்லாருக்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கேள்வி ஒன்று பாக்கி. டிஃபெண்டர் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எப்படித் திரும்புவது? எப்போது ஓட ஆரம்பிப்பது? இதை அவர் செய்து காட்ட முடியுமா?

திருப்பூர் ரெண்டாவது கோலி:
முடியாது. அதற்கு ஒரு பழைய பார்வர்டை உதவிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்வர்டு கோச்சாக இருந்தால் கீப்பர் கோச் வைப்பதில்லையா?

பவானி ஆத்தங்கரை:
ஏனுங்க ஒன்பது, அந்த உதவி ஆளாக நீங்களே போகலாமே?

சிங்காநல்லூர் ஒன்பதாம் நம்பர்:
மாட்டிவிட்டீர்கள். ராத்திரி கமிட்டி முடிந்து வந்தேன். தலைமைக் கோச் கோலி அண்ணன்தான். ஆறு மாசம் பார்க்கலாம் என்று நான் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன். ஞாயிறு காலை ஆறரைக்கு முதல் பிராக்டிஸ். என்னையும் கையுறையோடு வரச் சொல்லியிருக்கிறார். திருப்பூரண்ணா, நீங்கள் ஏதாவது போன் போட்டுச் சொன்னீர்களா?