புதுப்பிப்பு: 612 சொல், 248 ஆன கதை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எம்.ஏ. ஆய்வேட்டின் சுருக்கம் 250 சொல்லுக்குள் இருக்க வேண்டும், என்னுடையது 612, எதை வெட்டினாலும் பொருள் போய்விடுகிறது என்று. நேற்று 248இல் கொடுத்துவிட்டேன்.

பொருள் எங்கேயும் போகவில்லை, கொழுப்புதான் போனது. ‘ஆய்வானது மேற்கொள்ளப்பட்டது’ என்பது ‘ஆராய்ந்தேன்’ ஆனது. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ மட்டும் ஒன்பது இடத்தில்! அதான் குறிப்பிட்டாயிற்றே, அப்புறம் எதற்கு அது? பள்ளியில் பக்கக் கணக்குக்கு மதிப்பெண் வாங்கிய பழக்கம். கூறியது கூறல், மிகைபடக் கூறல் இரண்டும் நன்னூல் சொல்லும் நூற்குற்றம் (எழுத்தில் வரக் கூடாத குறை) பத்தில் அடக்கம் என்று மனப்பாடம் செய்து எழுதியவள்தான் நானும்.

போன பதிவுக்குப் பதிலாக, எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னவருக்கு நன்றி. மூச்சு முட்டிய இடத்திலெல்லாம் வாக்கியத்தை உடைத்தேன்.

முன்னுரை 14 பக்கம். நெறியாளர் அதை இன்னும் பார்க்கவில்லை.