ஒல்லியாக இருப்பது சலுகை என்றால் அதை எந்தக் கவுண்டரில் வாங்குவது?

நெல்லை_நரம்பன்:
கொஞ்ச நாளாக எங்கே பார்த்தாலும் 'தின் ப்ரிவிலேஜ்' பேச்சுதான். ஒல்லியாக இருப்பவர்களுக்கு ஊரில் தனி மரியாதையாம், தனிச் சலுகையாம், அது கிடைப்பதே எங்களுக்குத் தெரியவில்லையாம். உயரம் ஐந்தே முக்கால் அடி, எடை 55 கிலோவைத் தாண்டியதே இல்லை, எனக்கு வரவேண்டிய சலுகை எங்கே போனது என்று யாராவது சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி, கல்லூரியில் ஓமக்குச்சி, பந்தியில் உட்கார்ந்தால் 'தம்பிக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்க, காத்துல பறந்துடப் போறான்'. காவலர் தேர்வில் ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ. கேட்கிறார்கள், மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தில் தேறி, மார்பளவில் திரும்பி வந்தவன் நான். இது அமெரிக்காவில் கிளம்பிய சண்டை, அங்கே வேண்டுமானால் பொருந்தும். பஞ்சம் பார்த்த நம் ஊரில் ஒல்லி என்றால் இல்லாத வீட்டுப் பிள்ளை என்றுதான் பார்ப்பார்கள்.

கோவை_கயல்:
சகோ, உங்களைக் கிண்டல் செய்தவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் கிண்டலையும் சலுகையையும் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். உங்கள் இலையில் இரண்டு இட்லி கூடுதலாக விழுந்தது, என் இலையில் இரண்டாவது இட்லி விழும்போதே நாலு பேர் எண்ணினார்கள். ரெடிமேட் கடையில் படியேறும்போதே 'உங்க சைஸ் வராது மேடம்' என்று சொல்லிவிடுகிறார்கள், நான் என் அம்மாவுக்கு எடுக்க வந்தேனா, தங்கைக்கு எடுக்க வந்தேனா என்றுகூடக் கேட்பதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். காதுவலி என்று டாக்டரிடம் போனேன், காதைப் பார்க்கும் முன்பே 'முதல்ல எடையைக் குறைங்க' என்றார். காதுக்கும் தொடைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நீங்கள் காதுவலி என்று போனால் காதைத்தான் பார்ப்பார்கள். சலுகை என்று சொல்வது இதைத்தான், கவுண்டரில் டோக்கன் போட்டுக் கொடுப்பதை இல்லை.

மூன்றாம்_பெஞ்ச்:
இரண்டு பேரும் சொல்வது இருக்கட்டும். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை. அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9தான். இந்த வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது 'என் உடம்பு என் உரிமை' என்று கொடி பிடித்தால் நாளைக்கு சர்க்கரை, மூட்டுவலி, ஹார்ட் என்று யார் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பது? டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னது அவர் வேலை. அதைப் போய் பாகுபாடு என்றால் எப்படி?

கோவை_கயல்:
பெண்ணில் பத்துக்கு நாலு பேர் என் மாதிரி என்று நீங்களே கணக்குக் காட்டுகிறீர்கள், அப்புறமும் கடையில் எக்ஸ்எல்லோடு ரேக் முடிந்துவிடுகிறதே, அதற்கு என்ன மருத்துவக் காரணம்? உடல்நலக் கவலை என்கிறீர்கள், சரி. சிகரெட் பிடிக்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும்போது இந்தக் கவலை எங்கே போகிறது? வேலை விஷயத்துக்கும் வாருங்கள். இந்தியன் ஏர்லைன்ஸில் எடை கூடிய பணிப்பெண்களை விமானத்தில் ஏற்றாமல் தரையில் நிறுத்தினார்கள், அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள், 2007இல் நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. 2009 தொடக்கத்தில் சிலருக்கு வேலையே போனது. வருடக்கணக்காக அதே வேலையைச் செய்தவர்கள் அவர்கள்.

லேப்காரன்:
ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பெஞ்ச் நண்பர் சொல்கிற எண்கள் சரி. ஆனால் எடை கூடினால்தான் சர்க்கரை வரும் என்று நினைப்பது நம் ஆட்களுக்குப் பெரிய ஆபத்து. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு, 22.3, ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. உடம்பில் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு, இந்திய உடம்பின் வாகு அப்படி. இதனால்தான் இங்கே பிஎம்ஐ 25க்குப் பதில் 23லேயே அதிக எடை என்கிறார்கள், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனி என்கிறார்கள். 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது, அத்தனை பேருமா குண்டு? குண்டாக இருப்பவரை வீட்டார், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் 'டெஸ்ட் எடு' என்று விரட்டுகிறார்கள். கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் சின்னதாக முன்னால் தள்ளிய ஆண்களை யாரும் விரட்டுவதில்லை, அவர்கள் கண் மங்கி, கால் மரத்துப்போன பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். கயல் அக்கா சொல்கிற சலுகை உண்மைதான், என் கணக்கில் அது ஒல்லியாக இருப்பவருக்கும் வினைதான்.

நெல்லை_நரம்பன்:
லேப் அண்ணே, பயமுறுத்துகிறீர்கள். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கம்தான் பேசுகிறது, இரண்டு பேருக்கும் அடி என்றால் சலுகை எங்கே இருக்கிறது? சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு கல்யாணத்தையும் சிரிப்புக்கு வைத்தார்கள், ஓமக்குச்சி நரசிம்மனையும் சிரிப்புக்கு வைத்தார்கள், பெயருக்கு முன்னாலேயே ஒட்டிவிட்டார்கள். இன்னொரு பக்கம் பூசினாற்போல இருந்த குஷ்புவுக்குத் திருச்சி பக்கம் கோயிலே கட்டினார்கள். குண்டாக இருந்தால் வெறுக்கிற ஊரா இது?

கோவை_கயல்:
குஷ்பு கோயில் கதையை எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? அதற்கப்புறம் வந்த கதாநாயகிகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். தனுஷ் 2002இல் வந்தபோது 'இவனெல்லாம் ஹீரோவா' என்று சிரித்தார்கள்தான், ஆனாலும் அந்த உடம்போடேயே அவர் ஹீரோ ஆனார். குண்டுப் பெண்ணை நாயகியாக வைத்து 2015இல் 'இஞ்சி இடுப்பழகி' எடுத்தார்கள், அந்த வேடத்துக்கும் அனுஷ்கா எடை போட்டுத்தான் நடித்தார். குண்டான பெண்ணின் கதைக்குக்கூடக் குண்டான பெண்ணைத் தேடவில்லை. மேட்ரிமோனி தளத்தில் உடல்வாகு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 'ஒல்லி' என்று போடும் பெண்ணுக்கு வரும் அழைப்பையும் 'பருமன்' என்று போடும் பெண்ணுக்கு வரும் அழைப்பையும் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மூன்றாம்_பெஞ்ச்:
கல்யாணத்தில் யாருக்கு எது பிடிக்கும் என்பதிலெல்லாம் சமத்துவம் கொண்டுவர முடியாது அக்கா. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1976லேயே எடையைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், நியூயார்க் நகரம் 2023இல் போட்டது. அதனால் அங்கே யாரும் யாரையும் குண்டு என்று சொல்வதில்லையா என்ன?

கோவை_கயல்:
சொல்லட்டும், வேலையை விட்டுத் தூக்காமல் சொல்லட்டும். எனக்கு அமெரிக்கச் சட்டமெல்லாம் அப்புறம். எல் சைஸ் சுடிதார் ஒரு விலை, அதே துணி, அதே பூ, த்ரீ எக்ஸ்எல் என்றால் கூடுதல் விலை வாங்குகிறார்களே, அதை முதலில் நிறுத்தட்டும்.

நெல்லை_நரம்பன்:
துணி கூடுதலாகப் பிடிக்கும் அக்கா, விலை ஏறத்தானே செய்யும்?

கோவை_கயல்:
அப்படியென்றால் எஸ் சைஸ் சட்டை எடுக்கும்போது உங்களுக்குக் குறைத்துக் கொடுக்க வேண்டுமே. அடுத்த தடவை பில் போடும்போது கேட்டுப் பாருங்கள்.