அமெரிக்காவில் மருந்து எழுதப் போகும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு: அந்த 8 மணித்தியாலம்

அமெரிக்காவில் டொக்டராக இருக்கும் நான், லீவில் ஊருக்கு வந்து உவர்மலையில் அம்மா வீட்டில் நிற்கிறேன். நேற்றுப் பின்னேரம் இரண்டு பேர் தேடி வந்தார்கள். ஒரு தம்பி, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படித்தவன், ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்பயிற்சி) கிடைத்து அமெரிக்காவுக்கு வெளிக்கிடுகிறான். மற்றது ஒரு தங்கச்சி, அங்கேயே நர்ஸ் ப்ராக்டிஷனர் (மருந்து எழுதும் தகுதி உள்ள உயர்நிலை நர்ஸ்) படிப்பை முடித்தவள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்வி: "அண்ணா, அந்த 8 மணித்தியாலப் பயிற்சி எங்களுக்கும் வேணுமா?"

மோர்ஃபின், ட்ரமடோல், டயசிபாம், ப்ரீகபலின் மாதிரி, பழக்கமாகிவிடக் கூடும் என்பதால் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அங்கே சொந்தப் பெயரில் எழுத டி.ஈ.ஏ. (அமெரிக்க மத்திய அரசின் போதைப்பொருள் அமலாக்க நிறுவனம்) பதிவு வேண்டும். அந்தப் பதிவை முதன்முறை எடுக்கும்போதோ, 2023 ஜூன் 27-க்குப் பிறகு முதல் தடவை புதுப்பிக்கும்போதோ, போதைப்பொருள் பாவனைக் கோளாறு உள்ள நோயாளிகளைப் பராமரிப்பது பற்றி 8 மணித்தியாலம் படித்திருக்கிறேன் என்று படிவத்தில் உறுதி கொடுக்க வேண்டும். டொக்டர், பல் டொக்டர், நர்ஸ் ப்ராக்டிஷனர் எல்லாருக்கும் இதுதான். மிருக வைத்தியருக்கு மட்டும் இல்லை. வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும்.

நான் பிழை விட்ட இடம் ஒன்று உண்டு. கடந்த 5 ஆண்டுக்குள் பட்டம் பெற்று, பாடத்திட்டத்திலேயே இந்த 8 மணித்தியாலத்தைப் படித்தவர்களுக்கு விலக்கு என்று வாசித்தேன். நானும் புதிதாக முடித்தவன்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த விலக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு மட்டும். தங்கச்சிக்குப் பொருந்தலாம், அவள் கல்லூரியில் கேட்டு எழுத்தில் வாங்கி வைக்கட்டும். தம்பிக்குப் பொருந்தாது. எனக்கு இது தெரிய வந்தது படிவத்தைத் திறந்த இரவுதான். ரெசிடென்சிக் காலத்தில் ஆஸ்பத்திரியின் டி.ஈ.ஏ. இலக்கத்தோடு என்னைக் குறிக்கும் ஒரு பின்னொட்டைச் சேர்த்தே எழுதி வந்ததால், சொந்த இலக்கத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. உங்களில் பலருக்கும் அப்படித்தான் நடக்கும்.

ஒரே இருப்பில் 8 மணித்தியாலமும் படிக்கத் தேவையில்லை. ஒன்று, இரண்டு என்று சேர்த்துக்கொண்டு போகலாம், முன்பு படித்ததும் கணக்கில் வரும், ஒன்லைனும் சரி. அங்கீகாரம் பெற்ற அமைப்பு நடத்தியதா என்று மட்டும் பாருங்கள். காசு கேட்காத வகுப்புகளும் இருக்கின்றன. சான்றிதழை விண்ணப்பத்தோடு அனுப்பச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கையில் இருக்க வேண்டும். எனக்கு ஒரு 2 மணித்தியாலச் சான்றிதழ் கிடைக்கவில்லை, திரும்பப் படித்தேன்.

பதிவுக்கட்டணம் 3 ஆண்டுக்கு 888 டொலர். அதற்கு முதல் மாநில லைசன்ஸ் வேண்டும். இலினோய், மசசூசெட்ஸ் போன்ற இடங்களில் மாநிலத்துக்கென்று தனிப் பதிவும் உண்டு. நியூயோர்க்கில் வலி மருத்துவம், போதைச் சார்பு பற்றி 3 மணித்தியாலப் படிப்பை 3 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதை இந்த 8 மணித்தியாலத்தோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். எனக்கு அந்த வகுப்பில் மனதில் நின்றது சொற்கள்தான். நோயாளியை "அடிக்ட்" என்று எழுதாதே, பேசாதே என்றார்கள். நம் வாயில் "குடிகாரன்", "போதைக்கு அடிமை" என்று எவ்வளவு சுலபமாக வருகிறது! தமிழ் நோயாளி ஒருவரிடம் "எவ்வளவு காலமாக இந்த மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை, ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். தலை குனியாமல் பதில் சொல்வார். அப்புறம், நீண்ட காலம் எடுத்த மருந்தைச் சடாரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதும் அங்கேதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று. நீங்கள் டொக்டர் என்று தெரிந்தால் நம்மவர்கள் கோயிலில் வைத்தே கேட்பார்கள். ஒருநாள் அன்னதானப் பந்தியில், எங்கள் ஊர் அக்கா ஒருவர் கைப்பையைத் திறந்து, மூலை மடிந்த ஒரு டயசிபாம் அட்டையைக் காட்டினார். இரண்டே மாத்திரை மிச்சம். "தம்பி, நித்திரை வருதில்லை. இதை மட்டும் எழுதித் தா." ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. பரிசோதிக்காமல், பதிவேடு இல்லாமல் அதை எழுதினால் என் லைசன்ஸுக்கே ஆபத்து. பல மாநிலங்களில், எழுதுவதற்கு முன் அந்த ஆளுக்கு முன்பு யார் யார் என்ன எழுதினார்கள் என்று மாநிலத் தரவுத்தளத்தில் பார்த்தே ஆக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல நெஞ்சு கஷ்டப்பட்டது. பந்தி முடிய அவரோடு இருந்து, எவ்வளவு காலமாக எடுக்கிறார் என்று கேட்டேன். ஒன்றரை வருடம். அவருடைய சொந்த டொக்டருக்குச் சொல்ல வேண்டியதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை போன் எடுக்கும்போது நானும் லைனில் இருந்தேன்.