பொம்மைக் குதிரைகளுக்கு ஸ்பிரே பெயின்ட்: எவ்வளவு தூரத்தில் அடிப்பது?

வணக்கம் நண்பர்களே. போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. அளவில் 24 சின்னப் பொம்மைக் குதிரைகள் வைத்திருக்கிறேன். தூரிகையால் தீட்டினால் மாதக்கணக்காகும் என்று ஸ்பிரேயில் இறங்கினேன். முதலில் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு), காய்ந்ததும் மேலிருந்து சாய்வாகச் செம்பழுப்பு. வயிற்றடியிலும் கால்களிலும் கறுப்பு தங்கி, நிழல் விழுந்த மாதிரி அழகாக வந்தது. ஆனால் முதலில் அடித்த ஆறு குதிரைகளுக்கும் முதுகெல்லாம் மணல் தூவியதுபோல் சொரசொரப்பு. ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தேன். துளிகள் போய்ச் சேருமுன்பே காய்ந்துவிட்டன என நினைக்கிறேன். சரி என்று அடுத்ததை ஒரு சாணுக்கும் குறைவாக வைத்து அடித்தால், பிடரி மயிரின் கோடுகள் பெயின்டில் மூழ்கிவிட்டன. நீங்கள் எவ்வளவு தூரத்தில் அடிக்கிறீர்கள்? அப்புறம், வெள்ளைக் குதிரைக்கு அடியில் சாம்பல் பிரைமர் நல்லதா, பழுப்பா? சொரசொரப்பான ஆறு குதிரைகளையும் பெயின்டை உரிக்காமல் காப்பாற்ற வழியுண்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.