புதுப்பிப்பு: சைக்கிள் பாதை எந்தத் தெருவில்?

திருவான்மியூர் பக்கம் சைக்கிள் பாதை எங்கெல்லாம் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். வந்த பதில்களை வரைபடத்தில் குறித்து, பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்தாயிற்று. கடற்கரைச் சாலையைவிட, பறக்கும் ரயில் நிலையத்துக்கும் பள்ளிகளுக்கும் போகும் வழிகளைத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரி.

கூட்டத்தில், "பார்க்கிங் போய்விடுமே?" என்றார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்தைச் சொன்னேன். 2006-07இல் சுமார் 80 கிலோமீட்டர் தனிப்பாதையை அங்கே ஒன்றோடொன்று இணைத்தே போட்டார்கள். சாலையோரப் பார்க்கிங்கையும் எடுத்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் பல மடங்கு பெருகினார்கள். துண்டு துண்டாகப் போட்டால் இது நடக்காது.

அப்புறம், விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கும் கட்டடத் தொழிலாளர்கள், பேப்பர் போடுபவர்கள் யாரும் பதில் எழுதவில்லை. அவர்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். யார் வருகிறீர்கள்?