நூலகப் பட்டியலுக்கு எஸ்க்யூலைட் போதுமா, போஸ்ட்கிரஸ் வேண்டுமா?

மாதுங்கா வாசகர்:
மும்பை மாதுங்காவில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு தமிழ் நூலகத்தின் பட்டியலைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றுகிறோம். பைத்தான் நிரல்மொழியில் எழுதுவதாக முடிவாகிவிட்டது; தரவுத்தளத்தில்தான் இழுபறி. இரண்டு மேசைகளில் பதிவு நடக்கும், தலைப்புகள் அகர வரிசையில் வர வேண்டும். ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்க்யூலைட் தாங்குமா, தனிச் சேவையகமாக ஓடும் போஸ்ட்கிரஸ் வேண்டுமா?

செம்பூர் நிரலர்:
தாராளமாகத் தாங்கும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்றாலும், ஒரு பதிவு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் இரண்டு மேசைகளுக்கு அது தடையே அன்று. ஆனால் கோப்பைப் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரு கணினிகளிலிருந்தும் நேரடியாகத் திறக்காதீர்கள். பிணையத்தின் வழியே கோப்புப் பூட்டு நம்பகமாக இயங்காததால் தரவே சிதையக்கூடும். ஒரு கணினியில் வலைச் செயலியாக ஓடவிட்டு, மற்றதிலிருந்து உலாவியில் அணுகுங்கள்.

தானே தரவாளர்:
அகர வரிசையை நண்பர் தொடவே இல்லையே! எஸ்க்யூலைட் இயல்பாகப் பைட் மதிப்பை, அதாவது எழுத்துகள் கணினியில் சேமிக்கப்படும் எண்களை, வைத்தே வரிசைப்படுத்தும். யூனிகோடில் னகரம் பகரத்துக்கும் முன்னால் இருப்பதால் 'பனை' வந்த பிறகே 'பலா' வரும். 'அகம்' முந்திக்கொள்ள 'அக்கா' பின்தங்கும். அகராதி புரட்டிப் பழகிய மூத்த வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள். போஸ்ட்கிரஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல், பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் நிரல் தொகுப்பான ஐசியுவின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தலாம்.

செம்பூர் நிரலர்:
குறை நியாயமானதே. எனினும் அதற்காக ஒரு சேவையகத்தை நிறுவிப் பராமரிக்க வேண்டியதில்லை. வரிசை விதியைப் பதிவதற்கான பைத்தானின் 'கிரியேட் கொலேஷன்' செயற்கூறில் ஐசியுவின் தமிழ் ஒப்பீட்டை இணைத்து, அட்டவணையில் தலைப்புக்குரிய பத்தியின் வரையறையில் அதைக் குறித்துவிடலாம். ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும்போதும் அதைப் பதிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.