புதுப்பிப்பு: ஈரப்பத மீட்டர் வாங்கியாச்சு, ஊசி வகைதான்

வாகைப் பலகையில் சாப்பாட்டு மேசை செய்யப்போகிறேன், பலகையின் ஈரம் பார்க்க ஊசி குத்தும் மீட்டரா ஊசி இல்லாததா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, கடைசியில் ஊசி வகையே வாங்கினேன். ஊசி இல்லாதது பலகையில் ஓட்டை போடாது, சட்டென்று பார்த்துவிடலாம், ஆனால் அடிப்பக்கம் சமதளமாகப் பலகையோடு ஒட்டி உட்கார வேண்டும், என் பலகைகளோ இன்னும் இழைக்காத, ரம்பத் தடம் அப்படியே இருக்கும் பலகைகள்.

முதல் நாள் 12 சதவீதம் காட்டியது. மரவாடிக்காரர் "நல்லா காஞ்ச மரம் சார்" என்று சொன்னது சரிதான் போல என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் குத்தினால் 17! சின்ன ஊசி மேல்தோலைத்தான் பார்க்கிறது.

நம்பாமல் அங்கேயே ஒரு துண்டு வெட்டி எடை போட்டேன், 58.5 கிராம். ஓவனில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தால் (வீட்டில் திட்டு விழுந்தது) 50 கிராம். போன 8.5 கிராமை 50ஆல் வகுத்தால் சரியாக 17 சதவீதம்.

இன்னொன்று, பல மீட்டர்கள் டக்ளஸ் ஃபிர் மரத்துக்கு அளவு வைத்துத்தான் வருகின்றன, அதனால் மர வகையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பலகைகள் இன்னும் காய்வதற்காக இப்போது இடையில் சட்டம் வைத்து மாடியறையில் அடுக்கியிருக்கின்றன, மேசை பொங்கலுக்கு அப்புறம்தான்.